ஜன்னலும் டம்ளரும்

வண்டலூரில் ரயில் ஏறிச் சென்னைப் பக்கமாகப் போனால் மூன்றாவது ஸ்டேஷனுக்குப் பெயர் தாம்பரம் சானடோரியம். பெருங்களத்தூர், தாம்பரம், அடுத்தது அதுதான். நம் ஊர்களுக்கெல்லாம் ஏரியின் பெயரோ, மரத்தின் பெயரோ, சாமியின் பெயரோ வாய்த்திருக்கிறது. இந்த ஊருக்கு மட்டும் ஒரு நோயாளிகள் விடுதியின் பெயர். அதுவும் இங்கிலீஷ் பெயர். "சானடோரியத்தில் வீடு பார்த்திருக்கிறோம்" என்று புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்லுகிறார்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தன் மனைவியிடம் இந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதிருப்பாள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். என் பாட்டியின் தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆனால் அவருடைய டம்ளரை நான் பார்த்திருக்கிறேன். அடியில் ஒரு சிறு நெளிவுள்ள பித்தளை டம்ளர். சமையற்கட்டில் மற்றப் பாத்திரங்களோடு சேராமல், பின்கட்டு மாடத்தில் தனியாக இருந்தது. அதை யாரும் எடுக்க மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். அவர் வியாதி குணமாகி, முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்து, வேறு ஏதோ காரணத்தால் இறந்தவர். என்றாலும் கடைசி நாள் வரை காப்பி அந்த டம்ளரில்தான்.

அந்த டம்ளர் செய்த குற்றம் என்ன என்பதை அறிய வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. விஞ்ஞானத்தைக் கல்லூரியில் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்ததோடு சரி. அப்புறம் கதைகள்தான் என் பிழைப்பு. ஆகையால் நான் சொல்லப்போவதில் டாக்டர்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது. என் போன்றவர்களுக்கு இருக்கலாம்.

க்ஷயம் என்றால் தேய்வு. தட்சனுடைய இருபத்தேழு பெண்களையும் மணந்த சந்திரன் ரோகிணியிடம் மட்டும் பிரியமாக இருந்தான் என்றும், மாமனார் சாபத்தால் தேய ஆரம்பித்தான் என்றும் புராணம் சொல்லுகிறது. சந்திரனைப் பிடித்த அந்த நோய்க்கு ராஜயக்ஷ்மா என்று பெயர். தமிழில் இன்னும் பயங்கரமாக எலும்புருக்கி என்றார்கள். புராணக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம், நோய் வந்தவன் ஏதோ தப்புச் செய்திருக்கிறான் என்ற எண்ணம். சாபத்துக்குப் பிற்பாடு வேறு பெயர்கள் வைத்தார்கள்: பரம்பரை, துர்நடத்தை, இரவில் கண் விழித்தல், அதிகப் படிப்பு. எண்ணம் மட்டும் மாறவில்லை.

1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் ஒரு சிறு சபையில் எழுந்து, இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நிரூபித்துக் காட்டினார். மனிதர்களில் ஏழு பேரில் ஒருவர் இதனால் சாகிறார் என்று அன்றைக்கு அவர் கணக்குச் சொன்னார். குச்சி வடிவமான கிருமி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறு நீளம். அதன் மேல் மெழுகுக் கவசம் ஒன்று இருந்ததால் சாதாரணச் சாயம் எதுவும் அதில் ஏறவில்லை. கோக்குக்கு முன்னால் யார் கண்ணிலும் அது படாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கிருமி அகப்பட்டுவிட்டது. ஆனால் அது எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது, போய் நுரையீரலில் எதைப் பற்றிக்கொள்ளுகிறது என்பது விளங்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் வீட்டு டம்ளர் அந்த நூறு வருஷத்துக்குள் மாட்டிக்கொண்ட டம்ளர்.

நோயாளி இருமுகிறார். எச்சில் துளிகள் பறக்கின்றன. பெரிய துளிகள் இரண்டு முழத்துக்குள் தரையில் விழுந்துவிடும். அவற்றால் அதிக ஆபத்தில்லை. மிகச் சிறிய துளிகள் விழுவதற்கு முன்பே காய்ந்து, ஒன்றிரண்டு கிருமிகளைச் சுமந்த தூசியாக அறையின் காற்றில் மிதக்கின்றன. மணிக்கணக்கில் மிதக்கின்றன. இதை உறுதி செய்தது அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1950-களின் பிற்பகுதியில், வெல்ஸ், ரைலி என்ற இருவர் நடத்திய சோதனை. க்ஷயரோக வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டில் இருந்த கினி எலிகளைச் சுவாசிக்கச் செய்தார்கள். அந்த எலிகள் நோயாளிகளைப் பார்த்ததே இல்லை. அவர்கள் தட்டில் சாப்பிட்டதில்லை, டம்ளரில் குடித்ததில்லை. காற்று ஒன்றுதான் சம்பந்தம். எலிகளுக்கு நோய் கண்டது.

சின்னத் தாத்தாவுக்கு வியாதி வந்தது 1950-ல். அவர் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வண்டலூரில் நீராவி ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து கடற்கரைக்கு மின்சார ரயில். 1931-லேயே அந்த மின்சார ரயில் வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். வீட்டில் உக்கிராண அறையைக் காலி செய்து அவரை வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அந்த அறைக்குத் தெருப்பக்கமாக ஒரு ஜன்னல் உண்டு. அதைச் சாத்தி, இடுக்கில் பழந்துணி அடைத்தார்கள். "காற்றுப் பட்டால் இருமல் ஏறும்" என்று சொன்னார்களாம்.

அந்த அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை என் பெரியம்மாவுக்கு. அம்மாவின் அக்கா, அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தட்டை வைத்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அவளுக்கோ மாமாவிடம் உயிர். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படித்துக் காட்டுவதற்காக, சாத்திய அறைக்குள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். டம்ளரை மட்டும் தொடமாட்டாள்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காற்றில் மிதந்த தூசி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும்.

நம் மூக்குக்குள் மயிர் இருக்கிறது, சளி இருக்கிறது, மூச்சுக் குழாயில் ஓயாமல் மேல்நோக்கிப் பெருக்கிக்கொண்டிருக்கும் நுண்ணிய துடைப்பங்கள் இருக்கின்றன. பெரிய தூசியெல்லாம் இந்தக் காவல்களில் மாட்டிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து கூறுக்கும் குறைவான தூசி மட்டும் தப்பி, குழாய்கள் கிளைத்துக் கிளைத்து முடியும் கடைசி அறைகளுக்குப் போய்ச் சேருகிறது. நுரையீரலில் அந்த மாதிரிக் காற்றறைகள் முப்பது கோடிக்கும் மேல். பிரித்து விரித்தால் ஏறக்குறைய ஒரு பாட்மிண்டன் மைதானம் அளவுக்கு வரும். இத்தனை பெரிய முற்றத்தை இவ்வளவு சிறிய மார்புக்குள் மடித்து வைத்திருக்கும் கைவேலையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த முற்றத்தின் தரை மிக மெல்லியது. ஒரே ஓர் உயிரணுவின் கனம்.

அங்கே ரோந்து சுற்றுகிற காவற்காரர்கள் உண்டு. விழுங்கும் அணுக்கள் என்று சொல்லலாம். வந்த தூசியை, கிருமியை, எதையும் பிடித்து விழுங்கி, தனக்குள் ஒரு பையில் போட்டு, அந்தப் பையோடு அமிலப் பை ஒன்றை இணைத்துக் கரைத்துவிடுவது அவற்றின் தொழில். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

க்ஷயக் கிருமி வேறு ரகம். அது காவற்காரனைக் கண்டு ஓடவில்லை; அவனைத் தேடிப் போகிறது. அதன் மெழுகு உடம்பின் மேல் சர்க்கரைக் கூட்டுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. விழுங்கும் அணுவின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. அவை நம்முடைய நன்மைக்காக ஏற்பட்ட கொக்கிகள். திருடன் போலீஸ்காரனின் கையைத் தானே பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகுதான் அவன் வேலை. தன்னை அடைத்த பையோடு அமிலப் பை வந்து சேராதபடி, அந்தச் சர்க்கரை மெழுகைக் கொண்டே தடுத்துவிடுகிறான். லாக்கப் அறை அவனுக்குச் சத்திரமாகிவிடுகிறது. அங்கே நிதானமாகப் பெருகுகிறான். குடலில் இருக்கும் சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும்; இதுவோ ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு முறை. அவசரமே இல்லை. பெருகிய பின் ஒரு விதப் புரதத்தைக் கக்கிப் பையின் சுவரைப் பழுதாக்கிக்கொண்டு வெளியே வருகிறது.

காவற்காரர்களை மட்டும் அல்ல, காற்றறையின் தரையாக இருக்கும் அணுக்களையும் அது பற்றுகிறது. இதற்கென்று அதனிடம் தனியாக ஒரு கை இருக்கிறது. பிரான்ஸில் லீல் என்னும் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தார் 1996-ல் அந்தக் கையைக் கண்டுபிடித்தார்கள். நம் அணுக்களின் மேலே பாசி போலப் படர்ந்திருக்கும் ஒரு வகைச் சர்க்கரை இழையை அது இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். அந்தக் கையை வெட்டிவிட்ட கிருமிகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் முடிவு வெளிவந்தது. கிருமிகள் நுரையீரலில் வழக்கம்போல் வளர்ந்தன. ஆனால் அங்கிருந்து கிளம்பி மண்ணீரல் முதலான உறுப்புகளுக்குப் பரவச் சக்தி இல்லாமல் போயிற்று. வீட்டுக்குள் வருவதற்கு ஒரு வழி, வீட்டைக் கடந்து ஊருக்குள் போவதற்கு இன்னொரு வழி.

உடம்பு சும்மா இருப்பதில்லை. பிடிபட்ட இடத்தைச் சுற்றி அணுக்கள் மேல் அணுக்களாகக் கூடிக் கோட்டை கட்டிவிடுகின்றன. கிருமி பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுவதும் அந்தக் கோட்டை உடையாது. அவர்களுக்கு நோய் இல்லை. அவர்களால் பிறருக்கும் ஆபத்தில்லை. மீதி ஒருவருக்கு உடைகிறது. இரண்டு வருஷத்தில் உடையலாம், நாற்பது வருஷம் கழித்தும் உடையலாம்.

பெரியம்மாவுக்கு 1958-ல் உடைந்தது.

இனி, தாம்பரத்துக்கு வருவோம். அந்த விடுதியை அங்கே உண்டாக்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் பல வருஷம் வைத்தியம் செய்தவர். அங்கே மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். சீமையில் வெள்ளைக்கார க்ஷயரோகிகளுக்குத் தமிழ்ப் பெயருள்ள ஒருவர் டாக்டராக இருந்தார் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. கணித மேதை ராமானுஜன் 1914-ல் கப்பலேறியபோது அதே கப்பலில் பிரயாணம் செய்தவர் இவர். மூன்று வருஷம் கழித்து ராமானுஜன் நோயில் விழுந்தபோது மெண்டிப்பில் இவரிடம் கொஞ்ச காலம் தங்கினார். ராமானுஜன் 1919-ல் திரும்பி வந்து, மறு வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். க்ஷயம் என்றே எல்லோரும் நம்பினார்கள். 1994-ல் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது க்ஷயமாக இராது, கல்லீரலில் அமீபா புகுந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்படியானால் அதற்கு அன்றைக்கே வைத்தியம் இருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிற்க. சவுரிமுத்து தாய்நாடு வந்து, 1928-ல், பச்சைமலைப் பக்கத்தில் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளுடன் தம் விடுதியைத் திறந்தார். அவருடைய மருந்து மூன்று: திறந்த காற்று, வெயில், நல்ல சாப்பாடு. இவற்றோடு ஓய்வு. கிருமி என்னும் விதையைவிட உடம்பு என்னும் நிலத்தைக் கவனிக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். இருட்டிலும் நெரிசலிலும் பட்டினியிலும்தான் இந்த நோய் விளைகிறது என்று வாதாடினார். 1937-ல் சர்க்கார் விடுதியை எடுத்துக்கொண்டது. பிற்பாடு அதுவே பெரிய அரசாங்க நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

சின்னத் தாத்தாவுக்கு ஒரு சானடோரியத்தில் இடம் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. எந்தச் சானடோரியம் என்பது இங்கே வேண்டாம். படுக்கைக்கு அவ்வளவு கிராக்கி; முந்தைய நோயாளி குணமாகி வெளியே வர வேண்டும், அல்லது வேறு விதமாக வெளியே வர வேண்டும். அங்கே அவருக்கு முதலில் அதிசயமாகப் பட்டது ஜன்னல்கள். வரிசை வரிசையாக ஜன்னல்கள். ஒன்றைக்கூட யாரும் சாத்துவதில்லை. மழைச் சாரல் கட்டிலுக்கு வரும். "உன் பாட்டி பார்த்தால் மூர்ச்சை போட்டிருப்பாள்" என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாராம். ஒரு பக்கத்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக விலாவுக்குள் ஊசியால் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைத்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அது. பதினைந்து மாதம் இருந்தார். இதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி கிடைக்கத் தொடங்கியிருந்தது. கடைசியில் அதுவும் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

சவுரிமுத்துவின் ஜன்னல் நோயாளியைக் குணமாக்கியதா என்று கேட்டால், சந்தேகம்தான். ஆனால் அவர் நினைத்த காரணத்தைவிட நல்ல காரணம் ஒன்று அந்த ஜன்னலுக்கு இருந்தது. திறந்த ஜன்னல் கிருமித் தூசியைக் கலைத்து வெளியே அனுப்பிவிடும். வெயில் அந்தக் கிருமியைக் கொன்றுவிடும். அடைத்த அறையில் இரண்டு மணி நேரம் தொடர்கதை படித்த சிறுமி எத்தனை மூச்சு விட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்குகிறது. எங்கள் வீட்டில் டம்ளரைப் பிரித்தார்கள். காற்றைப் பங்கு போட்டுக்கொடுத்தார்கள்.

மருந்து வந்த கதை வேகமாக நடந்தது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1946-ல் பாஸ் என்ற மருந்து, 1952-ல் ஐசோநையாசிட் மாத்திரை. புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-ந் தேதி, 42-வது வயதில், இதே நோயால் திருவனந்தபுரத்தில் இறந்தார். மலிவான அந்த மாத்திரை இன்னும் நாலு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று கதை எழுதுகிற எங்களில் நினைக்காதவர் இருக்க மாட்டார்கள்.

மாத்திரை வந்தவுடன் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மாத்திரையை வீட்டிலேயே விழுங்கலாமே, பின் எதற்குச் சானடோரியம்? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் தலைமை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. மறு பாதி அவரவர் குடிசைக்கு. பழைய நெரிசல், பழைய கஞ்சி, முடிந்தபோது கூலி வேலை. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சாப்பாடும் ஓய்வும் படுக்கையும் இல்லாமல் கிட்டத்தட்ட அதே குணம். இதைவிட முக்கியமான இன்னொன்றுக்காக ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகளின் மனைவி மக்களுக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் மனைவி மக்களைவிட அதிகமாக நோய் வந்ததா? வரவில்லை. காரணம் யோசித்தால் எளிது. வரவேண்டிய தீங்கு, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே வந்தாயிற்று. மருந்து உள்ளே போனால் சளியில் கிருமி சீக்கிரமே குறைந்துவிடுகிறது. ஆகவே மருந்து ஆரம்பித்த பிறகு ஆளை விலக்கி வைப்பதில் பிரயோசனம் இல்லை. பல தேசங்களில் சானடோரியங்களை மூடுவதற்கு இந்தச் சென்னைச் சோதனை ஒரு பெரிய காரணம். நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிற்பாடு உலகமெங்கும் வந்த ஏற்பாட்டுக்கும் இங்கே நடந்த ஆராய்ச்சிகள்தான் வித்து.

பெரியம்மாவுக்கு அதே மருந்துகள்தான் கொடுத்தார்கள். அவள் எங்கும் போகவில்லை. வீட்டில் இருந்தே சாப்பிட்டாள். மாத்திரை சின்னது, பாஸ் மட்டும் வயிற்றைப் புரட்டும் என்பாள். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். பூரண குணம். எண்பது வயதைத் தாண்டி இருந்தாள். வெற்றிலை இடித்துப் போடுவாள், என்னோடு வாதாடுவாள், வண்டலூர் மிருகக்காட்சி சாலை 1985-ல் திறந்தபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதன் வாசல் வரை நடந்தாள். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். குணமானாள் என்பதை யாரும் மறுக்கவில்லை. "இருந்தாலும்…" என்றார்கள். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லுக்கு இன்று வரை மாத்திரை கண்டுபிடிக்கவில்லை.

தடுப்பு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அதிலும் எங்கள் ஜில்லாவுக்குப் பங்கு உண்டு. மேலே சொன்ன அதே லீல் நகரத்தில், கால்மெட், கெரான் என்ற இருவர் 1908 முதல் 1921 வரை பதின்மூன்று வருஷம், மாட்டின் க்ஷயக் கிருமியைப் பித்தநீர் தோய்ந்த உருளைக்கிழங்குத் துண்டில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். அதுதான் பி.சி.ஜி. ஏன் சாதுவாயிற்று என்பது அவர்களுக்கே தெரியாது. கிருமி பையின் சுவரைப் பழுதாக்குவதற்குக் கக்கும் புரதம் என்றேனே, அதைச் செய்யும் குறிப்பு அடங்கிய ஏடு அந்தப் பதின்மூன்று வருஷத்தில் தொலைந்துபோயிருந்தது. எண்பது வருஷம் கழித்துத்தான் இது விளங்கிற்று. கிண்டியில் 1948-ல் இந்த மருந்தைச் செய்யும் சாலை ஏற்பட்டது. 1968-ல் செங்கற்பட்டு ஜில்லாவின் வட பகுதியில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜனங்களிடையே மாபெரும் பரீட்சை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் விடை கசப்பாக இருந்தது. குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் வகை க்ஷயத்தைத் தடுக்கப் பயன்படும் அந்த ஊசி, இங்குள்ள பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை. பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும் அதே விடை. ஆராய்ச்சி செய்தவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு 1990-களில் வேறொரு வேலை வந்தது. 1986-ல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கிருமி, கோட்டைக்குச் செங்கல் எடுத்துக்கொடுக்கும் அணுக்களையே அழிக்கிறது. பழைய க்ஷயக் கோட்டைகள் தாமாக இடிகின்றன. மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தாம்பரத்துக்கு வந்தார்கள். 2004 ஏப்ரலில் சர்க்கார் இலவசமாக எச்.ஐ.வி. மருந்து தரத் தொடங்கிய முதல் சில ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. மறுபடியும் அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லி இறங்கத் தயங்கினார்கள் ஜனங்கள். அடுத்த ஸ்டேஷன் வரை போய் நடந்து திரும்பி வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன்.

விதையா, நிலமா என்ற பழைய வழக்கும் தீர்ந்துவிடவில்லை. சென்னைச் சோதனையோடு சவுரிமுத்துவின் கட்சி தோற்றது என்று நானும் நினைத்திருந்தேன். 2023-ல் ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரம் பேருக்கு மேல் அதில் சேர்ந்திருந்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 39 பங்கு குறைவு. மருந்து இருந்தால் கஞ்சி குடித்தும் பிழைக்கலாம் என்று சேத்துப்பட்டு சொல்லிற்று. வயிறு நிறைந்தால் நோயே வராமல் பலர் தப்பலாம் என்று ஜார்க்கண்ட் சொல்லுகிறது. இரண்டும் உண்மை. இரண்டாவது உண்மைக்குச் செலவு அதிகம். உலகத்து க்ஷயரோகிகளில் நாலில் ஒருவர் இன்னும் நம் தேசத்தில்தான் இருக்கிறார்.

இவற்றையெல்லாம் ஒன்றொன்றாகப் படித்தபோது பெரியம்மா இருந்தாள். பால்டிமோர் எலிகளின் கதையை அவளுக்குச் சொன்னேன். டம்ளரில் ஒன்றும் இல்லை, பெரியம்மா. எல்லாம் காற்றில்தான் இருந்தது. பாட்டி அந்த ஜன்னலைச் சாத்தியிராவிட்டால் உங்களுக்கு வந்தே இராது, காற்றுப் பட்டால் இருமல் ஏறும் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள் என்றேன். வெற்றிலை உரலை இடிப்பதை நிறுத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"காற்றுக்காகவா சாத்தினாங்க? உனக்கு யார் சொன்னது?" என்றாள். "அந்த ஜன்னல் தெருவைப் பார்த்த ஜன்னல். மாமா இருமுகிறது எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சாத்தினாங்க. அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை தேட வேண்டியிருந்தது, இல்லையா?"

பிறகு மறுபடி உரலை இடிக்க ஆரம்பித்தாள்.